உறுதி யார் பேரில்? கிழக்கிலங்கை முஸ்லிம் குடும்பமும் வீட்டுக்குள் விழும் அடியும்

ஒருவன் தன் மனைவிக்கு ஏன் அடிக்கிறான் என்று நம்மவர்களிடம் கேட்டால் விடைகள் தயாராக இருக்கும். "தூள் பழகிட்டான்" என்பார்கள். "தொழிலில்ல, அந்த எரிச்சல்" என்பார்கள். "மார்க்கம் தெரியாது" என்பார் மௌலவி. "அவளுக்கும் வாய் கூட" என்று பக்கத்து வீட்டு மாமி மெதுவாகச் சொல்லி வைப்பார். கடைசி விடையை விட்டுவிடுவோம். மற்ற மூன்றிலும் ஏதோ உண்மை இருக்கிறது. ஆனால் அவை ஒரு தனிமனிதனின் குணத்தோடு நின்றுவிடுகின்றன. தொழில் இல்லாத எல்லாரும் அடிப்பதில்லை. அடிக்கிறவர்களில் முதல் ஸப்பில் நின்று தொழுகிறவர்களும் இருக்கிறார்கள்.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வின்படி, இலங்கையில் கணவனோ துணையோ உள்ள, அல்லது முன்பு இருந்த பெண்களில் 20.4 வீதமானோர் வாழ்நாளில் ஒரு முறையாவது அவனால் உடல் ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். ஐந்தில் ஒருவர். இது எல்லா இனத்தவரையும் சேர்த்த கணக்கு. நம்மட சமூகம் இதற்கு வெளியே நிற்கிறது என்று நினைக்க நியாயம் எதுவும் இல்லை. நம்மை மட்டும் பார்த்து விரல் நீட்டவும் இந்தக் கணக்கில் இடமில்லை.

லோரி ஹெய்ஸ் என்ற ஆய்வாளர் 1998இல் இந்த விடயத்தை ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வட்டங்களாகப் பார்க்கலாம் என்று எழுதினார். நடு வட்டத்தில் அந்த மனிதன்: சின்ன வயதில் உம்மா அடி வாங்குவதைப் பார்த்து வளர்ந்தானா, போதை பழகினானா என்பன. அடுத்த வட்டம் குடும்பம்: பணம் யார் கையில், முடிவு யார் எடுப்பது. அதற்கு வெளியே ஊர், தொழில், உறவு. எல்லாவற்றுக்கும் வெளியே சட்டமும் வழக்காறும். உள் வட்டத்தைப் பற்றி உளவியலாளரும் மருத்துவரும் எழுதட்டும். வெளி வட்டங்கள் காலத்துக்குக் காலம் மாறுகிறவை. ஆகவே அவை வரலாற்றுக்காரனுக்கு உரியவை. நான் கேட்க விரும்பும் கேள்வியும் அங்கேதான் இருக்கிறது. முதல் அடி ஏன் விழுந்தது என்பதைவிட, அதற்குப் பிறகு அந்தப் பெண் எங்கே போகலாம், யாரிடம் சொல்லலாம், யார் வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்பவற்றையே நான் தேடிப் பார்க்கிறேன். இரண்டாவது அடியும் இருநூறாவது அடியும் விழுவது இவற்றைப் பொறுத்துத்தான்.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் இந்தக் கேள்விக்கு நெடுங்காலமாக ஒரு விடை இருந்தது. காத்தான்குடி, ஏறாவூர், மருதமுனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என்று எந்த ஊரை எடுத்தாலும் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிறான். வீடு பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்படுகிறது. குடி தாய்வழியாக வருகிறது. பள்ளிவாசல் மரைக்காயர்கள் குடிகளின் சார்பில் அமர்ந்ததும் இந்த ஒழுங்கில்தான். அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார். அவரும் கவனித்த ஒரு விடயம் இது: மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு உம்மாவும் வாப்பாவும் அடுத்த மகளுக்காகப் பக்கத்தில் கட்டும் வீட்டுக்கு ஒதுங்குகிறார்கள். இப்படியே ஒரு வளவில் ராத்தா, தங்கச்சி, உம்மா, சாச்சி என்று வீடுகள் வரிசையாக நிற்கும். கிடுகு வேலி இருந்த காலத்தில் வேலிக்கு வேலி ஒரு கடப்பு இருக்கும். ராத்திரி ஒரு சத்தம் கேட்டால் அந்தக் கடப்பால் யாராவது வந்துவிடுவார்கள்.

அந்த வீட்டில் வந்து குடியிருப்பவன் மாப்பிள்ளை. சண்டை முற்றினால் உடுப்பை எடுத்துக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போக வேண்டியவன் அவன்தான். தலாக் என்று வந்தாலும் பெண்ணும் பிள்ளைகளும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். உலகத்தின் பெரும்பாலான இடங்களில் அடிபட்ட பெண்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராத்திரியில் வெளியே இறங்க வேண்டியிருக்கிறது என்பதை நினைத்தால் இது சின்ன விடயமல்ல.

இப்படி ஒரு ஏற்பாடு அடியைக் குறைக்குமா என்பதை அளந்து பார்த்தவர்கள் உண்டு. நம்மட ஊர்களில் அல்ல, கடலுக்கு அப்பால் கேரளத்தில். மலபார் மாப்பிள்ளைமாரின் தாய்வழிக் குடும்பங்களுக்கும் நம்மட குடி முறைக்கும் உள்ள ஒற்றுமையை ஆய்வாளர்கள் முன்பே பேசியிருக்கிறார்கள். ஆகவே அந்த ஒப்பீடு தூரத்து ஒப்பீடும் அல்ல. ஆனால் பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் ஆய்வு செய்தது தெற்கே திருவனந்தபுரம் மாவட்டத்தில். 2005இல் வெளியான அந்த ஆய்வில், சொந்தமாகக் காணியோ வீடோ இல்லாத பெண்களில் 49 வீதமானோர் கணவனின் அடியை அனுபவித்திருந்தார்கள். காணி மட்டும் உள்ளவர்களில் அது 18 வீதம். வீடு மட்டும் உள்ளவர்களில் 10. இரண்டும் உள்ளவர்களில் 7. இன்னொரு கணக்கும் அதில் இருக்கிறது. தொடர்ந்து அடிபட்ட பெண்களில் சொத்துள்ளவர்களில் 71 வீதமானோர் கணவனை விட்டுப் போயிருக்கிறார்கள். சொத்து இல்லாதவர்களில் 19 வீதமானோர்தான். காணியைவிட வீடு கூடுதலாகக் காப்பாற்றியிருக்கிறது என்பது என் கண்ணில் பட்ட முக்கியமான இடம். வயல் சோறு போடும். கதவைச் சாத்திக்கொள்ள வீடுதான் வேண்டும்.

ஆனால் நம்மட குடி முறையை ஒரு பொற்காலமாக எழுதிவிடக் கூடாது. கஞ்சனா ருவன்புர 2006இல் கிழக்கிலங்கைப் பெண்களைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே அந்த எச்சரிக்கை இருக்கிறது: தாய்வழிச் சமூகம் என்பதால் அதிகாரம் தாயிடம் இருக்கிறது என்று பொருளல்ல. உறுதி பெண் பேரில் இருக்கும்; அதை எங்கே அடகு வைப்பது, எப்போது விற்பது என்பதை மாமாவும் காக்காவும் புருசனும் தீர்மானிப்பார்கள். கடப்பால் ஓடி வந்த உம்மாவே, "சபூர் செய் புள்ள, ஆம்புளையென்டா அப்பிடித்தான், வெளிய தெரிஞ்சா ஒன்ட தங்கச்சிமாருக்கு ஆரு வருவா" என்று சொல்லித் திரும்பிப் போவதும் உண்டு. பக்கத்தில் ஆள் இருப்பது காப்பாற்றுகிறது. அதே ஆள்தான் வாயையும் மூடுகிறது. கரையாத மகள்கள் வீட்டில் இருக்கும்போது மூத்தவளின் அடி ஊருக்குத் தெரியாமல் இருப்பது குடும்பத்துக்கு ஒரு பொருளாதாரத் தேவையாகிவிடுகிறது.

சீதனத்தின் சுமையையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு என்றால் வாப்பாவும் காக்காமாரும் இளமையெல்லாம் செங்கல்லும் சீமெந்துமாகக் கழிக்கிறார்கள். பேசிய வீடு முடியாமல், மேல்மாடிக்குக் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும்போது கலியாணம் நடந்துவிடுகிறது. மிச்சத்தை யார் கட்டுவது என்ற பேச்சு முதல் வருடத்திலேயே தொடங்குகிறது. பேசிய காசு வரவில்லை, பேசிய மோட்டார் சைக்கிள் வரவில்லை என்பதெல்லாம் அடிக்குச் சாக்காக மாறுவதை ஊரில் யாரும் அறியாதவரில்லை. மாமியார் வீட்டில் இருக்கும் மாப்பிள்ளை தன் ஆண்மையைக் காட்ட வேண்டும் என்று நினைக்கும் இடமும் அந்த ஒரே அறையாக இருந்துவிடுகிறது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நம்மட தனியார் சட்டத்தின் எழுத்து வரலாறு பிரித்தானியர் 1806இல் கொழும்பு மாகாண முஸ்லிம்களுக்காக வெளியிட்ட கோவையில் தொடங்குகிறது. 1852இல் அது நாடு முழுவதற்கும் விரிந்தது. 1929ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் 1937இல் நடைமுறைக்கு வந்தபோது காதிமார் முறைப்படி அமைக்கப்பட்டார்கள். அதற்குப் பதிலாக வந்தது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம். 1954இல் அமுலுக்கு வந்தது.

1951ஆம் ஆண்டுச் சட்டம் அடியைப் பற்றிப் பேசவில்லை என்று சொல்ல முடியாது. கணவனின் சம்மதம் இல்லாமல் மனைவி பஸஹ் கேட்கலாம் என்று சொல்லும் 28ஆம் பிரிவு, முதல் காரணமாகவே துன்புறுத்தலைக் குறிப்பிடுகிறது. ஷரீஅத்தும் அதைத்தான் சொல்கிறது. அதில் புதுமை இல்லை. சிக்கல் நடைமுறையில். தலாக் சொல்லும் கணவன் காரணம் காட்ட வேண்டியதில்லை. பஸஹ் கேட்கும் மனைவி மூன்று ஜூரிமாருக்கு முன்னால் தன் மேல் விழுந்த அடியை நிரூபிக்க வேண்டும். காதியும் ஆண், ஜூரிமாரும் ஆண், மேன்முறையீடு கேட்கும் காதிகள் சபையும் ஆண்களாக இருக்க வேண்டும் என்றுதான் சட்டத்தில் எழுதியிருந்தது. சட்டத்தரணி அங்கே வாதாட முடியாது. செலவில்லாமல், ஊர் மொழியில், எளிதாகத் தீர்ப்புக் கிடைக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் வைத்த ஏற்பாடு அது. ஆனால் பேசப் பழகாத பெண்ணுக்காகப் பேச ஆளில்லாமல் போனதும் அதனால்தான். ராத்திரி பத்து மணிக்கு அறைக்குள் விழுந்த அடிக்கு அவள் சாட்சிக்கு யாரைக் கூட்டிப் போவாள்?

கைக்கூலி பற்றியும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதைக் கவனிப்பதில்லை. மனைவியின் பயனுக்காக மாப்பிள்ளையிடம் கொடுத்த கைக்கூலியை அவள் காதி மூலம் திரும்பக் கேட்கலாம் என்பது 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் நல்ல அம்சங்களில் ஒன்று. ஆனால் சட்டத்தின் வரைவிலக்கணம் பணத்தையும் அசையும் பொருட்களையும் மட்டுமே கைக்கூலி என்கிறது. கிழக்கின் சீதனத்தில் பெரும்பங்கு வீடும் வளவும். அவள் பேரில் உறுதி இருக்கும் வரை பிரச்சினை இல்லை. மாப்பிள்ளை பேரிலோ இருவர் பேரிலோ எழுதிவிட்டால் காதியின் கை அதற்கு எட்டாது. மாவட்ட நீதிமன்றத்தில் வருடக் கணக்காக வழக்குப் பேச வேண்டும்.

அந்தச் சட்டத்தில் பாதுகாப்புக் கட்டளை என்று ஒன்று இல்லை. தாபரிப்புக்குக் கட்டளையிடலாம், சமாதானம் செய்து வைக்கலாம், விவாகரத்துக் கொடுக்கலாம். இன்று ராத்திரி அவனை அந்த வீட்டுக்குள் வர விடாதே என்று சொல்ல வழியில்லை.

மௌலவிமாருடன் இதைப் பேசும்போது பேச்சு சூரா நிஸாவின் 34ஆம் வசனத்தில் போய் நிற்பது வழக்கம். அந்த வசனத்தின் பொருளைப் பற்றி முபஸ்ஸிர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் அதற்குள் இறங்கவில்லை. இருதரப்புக் குடும்பத்திலிருந்தும் நடுவர் அழைக்கச் சொல்லும் அடுத்த வசனம் ஏன் அவ்வளவு பேசப்படுவதில்லை என்று மட்டும் கேட்டு வைக்கிறேன். வரலாற்றுக்காரனாக என்னை நிறுத்தியது ஹபீபா பின்த் ஸஹ்லின் சம்பவம். கணவர் தாபித் இப்னு கைஸ் அடித்ததில் அவருடைய உடலில் ஒரு பாகம் முறிந்தது என்று அபூதாவூதின் அறிவிப்பு சொல்கிறது. முவத்தாவின் அறிவிப்பில் அவர் ஸுபஹ் நேரத்து இருட்டில் நபிகளாரின் வாசலில் வந்து நிற்கிறார். நபிகளார் அவரிடம் சாட்சி கேட்டதாக அந்த அறிவிப்புகளில் இல்லை; சபூர் செய் என்று திருப்பி அனுப்பியதாகவும் இல்லை. மஹராகக் கொடுத்த தோட்டங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பிரியும்படி தாபித்திடம் சொல்கிறார். விடயம் அன்றைக்கே முடிகிறது. ஹபீபா தன் குடும்பத்தாரிடம் போய் இருந்துகொண்டார் என்பதோடு முவத்தா நிறுத்துகிறது. விடியுமுன் போய்த் தட்ட ஒரு வாசலும், பிறகு போய் இருக்க ஒரு வீடும் அவருக்கு இருந்தன. தாபித் சாதாரண மனிதரும் அல்ல, நபிகளாரின் பேச்சாளராக அறியப்பட்ட ஸஹாபி. அந்தஸ்து அவருக்காகக் குறுக்கே வரவில்லை.

இனி யுத்த காலம். 1985க்குப் பிறகும், குறிப்பாக 1990 ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளுக்குப் பிறகும், கரையோர முஸ்லிம்கள் உள்ளூர்ப் பக்கத்து வயல்களுக்குப் போக முடியாமல் போனது. போடிமாராக இருந்தவர்கள் வீட்டில் குந்தினார்கள். அதே வருடம் ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கு நடந்தது இன்னும் கொடியது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் பெண்கள் பேரில் இருந்த வீடுகள் ஒரே நாளில் கைவிட்டுப் போக, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் முழுக் குடும்பமும் அடைந்தது. ஆண்களின் தொழிலும் பெண்களின் வீடும் ஒன்றாகப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த முகாம்கள் சாட்சி. அந்த வரலாற்றை அங்கே வாழ்ந்தவர்கள்தான் விரிவாக எழுத வேண்டும்.

வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்குப் போனவர்கள் கதை வேறு விதம். பெண் உழைத்தால் மதிப்புக் கூடும், அடி குறையும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மேலே சொன்ன கேரள ஆய்வு அதை ஒப்புக்கொள்ளவில்லை. கணவனைவிட மனைவிக்கு நல்ல தொழில் இருந்தால் அடியின் அபாயம் கூடுகிறது என்பதே அதில் கண்டது. வீடு கொடுக்கும் பாதுகாப்பை மாதச் சம்பளம் கொடுப்பதில்லை. சம்பளத்தைப் பறிக்கலாம், வேலையை விடச் செய்யலாம், அனுப்பிய காசுக்குக் கணக்குக் கேட்டால் அதற்கே அடிக்கலாம். குவைத்திலிருந்து அவள் அனுப்பிய காசில் எழும்பிய வீட்டின் உறுதி அவன் பேரில் இருப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட ஊரில் பார்த்திருக்கிறேன். காசு அவன் கணக்குக்கு வந்தது, நொத்தாரிசிடம் போனவனும் அவன்தான், அவ்வளவே விளக்கம்.

2004 டிசம்பர் 26 வந்தது. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் கடலோரத்து வளவுகள் முழுசாக அழிந்தன. அழிந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை பெண்களின் சீதன வீடுகள். அரசாங்கம் வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றர் தூரத்துக்குக் கட்டக் கூடாது என்று முதலில் அறிவித்தது; பிறகு அதைக் குறைத்தது. அந்த வலயத்துக்குள் வீடு இழந்தவர்களுக்கு வேறு இடத்தில் வீடு. இங்கேதான் ஒரு படிவம் வந்து நுழைகிறது. "குடும்பத் தலைவர் பெயர்" என்று அதில் ஒரு கோடு. கிராம உத்தியோகத்தர் வழமைப்படி கணவனின் பெயரை எழுதினார். மாதம் 5000 ரூபா உதவித் தொகையும் பல இடங்களில் அந்தப் பெயருக்குத்தான் போனது. புதிய வீட்டின் உரித்தும் அப்படியே. அரச காணிகளை ஆளும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் ஒருவர் பேரிலேயே காணி வழங்கப் பழகியிருந்தது. அதன் வாரிசு அட்டவணையும் ஆண் பிள்ளைக்கே முன்னுரிமை கொடுத்தது. ஒரு வீட்டுக்கு ஒரு பெயர், அந்தப் பெயர் ஆணுடையது.

எந்த அமைச்சரும் கிழக்கு முஸ்லிம் பெண்களின் சொத்தைப் பறிக்க வேண்டும் என்று திட்டமிடவில்லை. கொழும்பில் படிவம் அச்சடித்தவருக்கு மட்டக்களப்புச் சீதனம் எது என்றே தெரிந்திருக்காது. ஆனால் தலைமுறை தலைமுறையாக உம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த வளவு, ஒரு கோட்டில் மருமகனின் சொத்தாகிவிட்டது. பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளர்களும் அன்றே இதை எழுதினார்கள், கூட்டு உரிமை கேட்டார்கள். நம்மட பள்ளிவாசல் நிர்வாகங்களும் அரசியல்வாதிகளும் வீடுகளின் எண்ணிக்கையைப் பற்றித்தான் சண்டை பிடித்தார்கள். எந்த இனத்துக்கு எத்தனை என்பது பேச்சாக இருந்தது. உறுதி யார் பேரில் என்று கேட்டவர்கள் குறைவு.

உரித்தோடு இடமும் மாறியது. புதிய திட்டங்களில் வீடு சீட்டிழுப்பில் கிடைத்தது. உம்மாவுக்கு முதல் வரிசை, மகளுக்குக் கடைசி வரிசை, ராத்தாவுக்கு வேறு திட்டம். கடப்பு இல்லை, சீமெந்து மதில் இருக்கிறது. ராத்திரிச் சத்தம் கேட்கும் பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் யாரோ. "ஊட்ட விட்டு எறங்கு" என்று மனைவியைப் பார்த்துச் சொல்ல அந்தக் கரையோரத்தில் ஒரு மாப்பிள்ளைக்கு முன்பு நா எழும்பியிருக்காது. இப்போது சட்டப்படியே சொல்லலாம்.

அடுத்த வருடமே நாட்டில் இன்னொரு சட்டம் வந்தது: 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். எல்லா இனத்தவருக்கும் பொதுவானது. காதியிடம் போவதோடு இதற்கு மோதல் இல்லை. நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தால் 14 நாட்கள் வரை இடைக்காலக் கட்டளையும், பிறகு 12 மாதங்கள் வரை பாதுகாப்புக் கட்டளையும் பெறலாம். வீடு யாருடைய பேரில் இருந்தாலும் அடிப்பவனை அங்கே நுழைய விடாமல் தடுக்க நீதவானால் முடியும். மனதை நோகடிப்பதையும் சட்டம் வன்முறைக்குள் சேர்த்திருக்கிறது. அவனைச் சிறையில் போடும் குற்றவியல் சட்டம் இது அல்ல. கட்டளையை மீறினால்தான் தண்டனை. அடி நிற்க வேண்டும், குடும்பம் உடையக் கூடாது என்று நினைக்கும் பெண்ணுக்கு இது பொருத்தமானது என்பது என் எண்ணம். ஆனால் நம்மட ஊர்களில் "கோட்டுக்குப் போனவள்" என்ற பேர் இன்னும் கறுப்புப் பேர்தான். பொலிஸுக்குப் போனால் பள்ளிக்குப் போகச் சொல்கிறார்கள், பள்ளிக்குப் போனால் காதியிடம் போகச் சொல்கிறார்கள், காதி சமாதானமாகப் போகச் சொல்கிறார்.

1951ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் அமைத்த குழு 2018 ஜனவரியில்தான் அறிக்கை கொடுத்தது. அதிலும் இரண்டு கருத்து. திருமண வயது, பெண் காதி, மணமகளின் கையொப்பம் ஆகியவை பற்றி அதற்குப் பிறகு நடந்த வாதங்களை வாசகர்கள் அறிவார்கள். பதினைந்து வயதுப் பிள்ளையை முப்பது வயதுக்காரனுக்குக் கட்டிக் கொடுத்தால் வீட்டுக்குள் யார் சொல்லு செல்லும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. சொத்துப் பற்றிய கேள்வி மட்டும் அந்த வாதங்களில் எங்கேயோ மறைந்துபோனது.

இதை ஆராய ஆவணம் இல்லை என்று சொல்வதற்கில்லை. கல்முனையிலும் மட்டக்களப்பிலும் காணிப் பதிவகங்களில் சீதன உறுதிகள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. 2004க்கு முன்னும் பின்னும் எழுதிய உறுதிகளில் பெண் பேர் எத்தனை, இருவர் பேர் எத்தனை, ஆண் பேர் எத்தனை என்று ஒரு மாணவி ஒரு வருடம் உட்கார்ந்தால் எண்ணிவிடலாம். காதி நீதிமன்றப் பதிவேடுகளில் பஸஹ் வழக்குகளும் இருக்கின்றன. பெயர்களை மறைத்து, காரணத்தையும் விண்ணப்பித்தவள் இருந்த வீட்டின் உரித்தையும் மட்டும் எடுத்து எழுத அனுமதி கேட்கலாம். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில்தான் இருக்கிறது. சாய்ந்தமருதிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம்.